ஸ்பீக்கரை அணைத்த மத்தியானம்

"முதல் தடவை முயலும்போது மோடத்தின் ஸ்பீக்கரை அணைக்காதீர்கள். லைன் என்ன சொல்கிறது என்பதை உங்கள் காதால் கேளுங்கள்."

இந்த இரண்டு வரியையும் எழுதியவள் நான். ஆங்கிலத்தில் எழுதினேன், முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களுக்காக. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் அப்போது வந்திருந்தது. அதன் அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மோடத்தைச் செருகி, டெலிபோன் வயரை அதில் மாட்டினால், கையில் வைத்தபடியே ஃபேக்ஸ் அனுப்பலாம். அந்த மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதும் அதற்கு உதவிப் பக்கங்கள் எழுதுவதும் என் வேலை. 'அட்வான்ஸ்டு மோடம் செட்டிங்ஸ்' என்ற பக்கத்தில் மூன்றாவது பத்தியாக மேலே சொன்ன வரிகள் இருந்தன.

ஊருக்கெல்லாம் சொன்ன அந்தப் புத்தியை ஒரே ஒரு நாள் நான் கேட்காமல் விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதில் என்மேல் உள்ள கோபம் கொஞ்சம்தான். மீதி யார்மேல் என்று சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எங்கள் தெருவுக்கு மொபைல் வந்திருக்கவில்லை. எங்கள் வீடு மலையாள ஊரில், கரமனையில். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, கழக்கூட்டத்துப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மொத்தம் ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் புரோகிராம் கோடு எழுதுவார்கள், அது ஓடவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வது நான். அதனால் யாருக்கும் என்னைப் பிடிக்காது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம் உண்டு, மறைப்பானேன்.

வேலை என்னவோ டெலிபோன் லைனோடு மல்லுக்கட்டுவதுதான். அமெரிக்காவில் செய்த மோடத்துக்கு அமெரிக்க டயல் டோன்தான் தெரியும். நம் எக்ஸ்சேஞ்சின் டோன் வேறு மாதிரி ஒலிக்கும். அதைக் கேட்டுவிட்டு, 'டயல் டோன் இல்லை' என்று அது கைவிரித்துவிடும். மோடத்துக்கு முதலில் கொடுக்கும் கட்டளை வரியில் ஒரு எக்ஸும் மூன்றும் சேர்த்துவிட்டால், டோனுக்காகக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும். எஸ் ஏழு என்று ஒரு கட்டளை, மறுமுனைக்காக எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்று சொல்ல. எண்களுக்கு நடுவே ஒரு கமா போட்டால் இரண்டு நொடி மூச்சுவிடும். எம் பூஜ்யம் என்று கொடுத்தால் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். இவையெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

இந்தப் பாடத்துக்காகத்தான் புனாவில் ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டது. போய் நேர்முகத் தேர்வை முடித்துவிட்டு வந்தேன். பதினைந்து நாளில் கூரியரில் கடிதம் வந்தது. மோடம், ஃபேக்ஸ் சோதனைக்கு ஒரு தனிக் குழு, அதற்கு நான் தலைமை. சம்மதமானால் கையெழுத்திட்ட கடிதத்தை வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஃபேக்ஸில் அனுப்ப வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். செக்ரட்டேரியட்டில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். "வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்பா" என்றேன். "பார்க்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் அப்பா 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டால் மறுபடி கேட்கக் கூடாது. கேட்டால் அவசரக்குடுக்கை என்று பெயர் வரும். ஃபைலை மேஜையில் போட்டுவிட்டுப் பார்க்காமலேயே இருந்து, அது தானாகச் செத்துப்போனபிறகு எடுத்துக் கட்டிவைக்கும் ஆபீஸ் வித்தையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். என் அண்ணாவுக்கு பம்பாயில் வேலை கிடைத்தபோது இந்தப் 'பார்க்கலாம்' எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அன்றைக்கு வீடே கிளம்பித் தம்பானூர் ஸ்டேஷனில் போய் நின்றது. முறுக்குச் சம்புடத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் நான்.

நாலு நாள் காத்திருந்தேன். வியாழக்கிழமை முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, எதிரில் உள்ள பூத்தில் ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு, அப்புறம் வீட்டில் சொல்வது. தேங்காய்கூட வாங்கி வைத்தேன். அன்று ராத்திரிச் செய்தியில் மறுநாள் ஹர்த்தால் என்றார்கள். எதற்கு என்று நினைவில்லை. ஹர்த்தால் நடத்தியவர்களுக்கே இப்போது நினைவிருக்காது. பஸ் இல்லை, பூத் இல்லை, ஆபீஸ் இல்லை. ஆனால் சோதிப்பதற்காக வீட்டுக்கு எடுத்து வந்த கருவியும் மோடமும் என் பையில் இருந்தன. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஊரையே இழுத்து மூடட்டும், இவளை என்ன செய்ய முடியும் என்று ஒரு திமிர்.

எங்கள் போனுக்கு எஸ்.டி.டி. உண்டு, வெளியூருக்கு நேராகச் சுழற்றலாம். அதற்குப் பூட்டும் உண்டு. எக்ஸ்சேஞ்சில் கொடுத்த வசதி அது. நாலு இலக்க ரகசிய எண்ணை அழுத்திப் பூட்டினால் வெளியூர் எண் எதுவும் போகாது, உள்ளூர் மட்டும் போகும். மறுபடி அந்த எண்ணை அழுத்தினால் திறக்கும். எண் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். தினமும் காலையில் குளித்துவிட்டு, பூஜைக்கு உட்காரும் முன் ஈர வேஷ்டியோடு வந்து திறப்பார். ராத்திரி கேட்டைப் பூட்டிவிட்டு வந்து இதையும் பூட்டுவார். பல வருஷப் பழக்கம். அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் அவர் போன் அருகே நின்று எண்களை அழுத்துவதைக் கண்ணால் பார்த்தேன்.

சாப்பாடு முடிந்து பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். போன் கூடத்தில். அதே கூடத்தில் சாய்வு நாற்காலியில் அப்பா மத்தியானத் தூக்கம். கருவியின் கண்ணாடித் திரையில் குச்சியால் சம்மதக் கடிதத்தை எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். கோழி கிளறிய மாதிரி இருந்தது, இரண்டு தடவை அழித்துப் போட்டேன். டெலிபோன் வயரைக் கழற்றி மோடத்தில் செருகி, 'அனுப்பு' என்பதைத் தொட்டேன். அது கிர்ரென்று லைனைப் பிடித்து, பீப் பீப் என்று எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான், சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்தாள்.

"என்னடி ஒச்சை இது? அப்பா இப்பத்தான் கண்ணசந்திருக்கா. நிறுத்து!"

நிறுத்தினேன். பாதி எண்ணிலேயே வெட்டினேன். அப்பா தூங்கும்போது எங்கள் வீட்டில் பாத்திரம் பேசாது, கதவு பேசாது, மிக்ஸி ஓடாது. சின்ன வயதில் எனக்கு இருமல் வந்தால்கூடப் பின்கட்டுக்குப் போய் இருமிவிட்டு வருவேன். அப்படிப் பழகிய கை, ஒரு விநாடிகூட யோசிக்காமல், அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறந்து எம் பூஜ்யம் என்று போட்டது.

பிறகு அனுப்பினேன். கருவி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, 'இணைப்பு கிடைக்கவில்லை' என்றது. எக்ஸ் மூன்று இருக்கிறதா என்று பார்த்து மறுபடி அனுப்பினேன். இணைப்பு கிடைக்கவில்லை. வேகத்தைக் குறைத்தேன். கிடைக்கவில்லை. எஸ் ஏழைத் தொண்ணூறு நொடிக்கு ஏற்றினேன். தொண்ணூறு நொடி காக்கவைத்துவிட்டு, கிடைக்கவில்லை என்றது. பூஜ்யத்துக்குப் பின் ஒரு கமா, இரண்டு கமா, மூன்று. டோன் முறையை விட்டு, பழைய டயல்போலத் தட்டித் தட்டிச் சுழற்றும் பல்ஸ் முறைக்கு மாற்றினேன். மறுமுனையில் மெஷினை அணைத்து வைத்திருக்கிறானோ என்று அந்தப் புனாக்காரனைத் திட்டினேன். அமெரிக்காக்காரனைத் திட்டினேன். கோடு எழுதிய ஐந்து பேரையும் பெயர் சொல்லித் திட்டினேன். எல்லாம் மனதுக்குள், ஒச்சை இல்லாமல்.

இரண்டரை மணிக்கு மோடத்தின் பேட்டரி செத்தது. கடை ஏது? டி.வி. ரிமோட்டைத் திறந்து அதிலிருந்த இரண்டையும் உருவிப் போட்டுக்கொண்டேன்.

புனாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஃபேக்ஸ் சோதிக்கும் குழுவுக்குத் தலைவி, தன் சம்மதக் கடிதத்தை ஃபேக்ஸில் அனுப்ப முடியவில்லை என்று போன் செய்வதா? மானம் போய்விடாதா? வயரைத் திரும்ப மாட்டி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன், டயல் டோன் வந்தது. லைன் உயிரோடு இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அந்தப் புனா எண்ணை விரலால் ஒரே ஒரு தடவை அழுத்தியிருந்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தவளுக்கு அது தோன்றாது.

மூன்று முப்பத்தைந்துக்கு, எஸ் வரிசையில் வேறு ஏதாவது கட்டளை விட்டுப்போயிற்றா என்று பார்ப்பதற்காக, பையிலிருந்து என் உதவிப் பக்கத்தின் அச்சுப்படியை எடுத்தேன். மூன்றாவது பத்தி. முதல் தடவை முயலும்போது ஸ்பீக்கரை அணைக்காதீர்கள்.

சாய்வு நாற்காலியைப் பார்த்தேன். எம் ஒன்று என்று மாற்றினேன். 'அனுப்பு' என்பதைத் தொட்டேன். கிர்ரென்றது, பீப் பீப் என்றது, பிறகு அந்தத் தீப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் மலையாளத்தில் மிக மரியாதையாகப் பேசியது. "ஈ சௌகர்யம் நிங்ஙளுடெ டெலிஃபோணில் லப்யமல்ல."

இந்த வசதி உங்கள் போனில் இல்லை. மூன்று மணி நேரமாக ஒவ்வொரு தடவையும் அவள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நான்தான் அவள் வாயைப் பொத்தி வைத்திருந்தேன்.

நிமிர்ந்தேன். அப்பாவின் கண் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாகத் திறந்திருந்ததோ.

"அப்பா, எஸ்.டி.டி. பூட்டியிருக்கேளா?"

"ஆமா."

"கார்த்தால திறந்தேளே. நான் பார்த்தேனே."

"திறக்கலை. வெளியூர் நம்பர் ஒண்ணை அழுத்தி, பூட்டு விழுந்திருக்கான்னு பார்த்தேன்."

"சரி, நம்பரைச் சொல்லுங்கோ. அவசரம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி கழியட்டும். தரேன்."

நாலு மணி என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை என்றுதான் சொல்லியிருந்தேன். நாலு மணி என்பது கடிதத்தின் கடைசி வரியில் மட்டும்தான் இருந்தது. கடிதம் என் அலமாரியில், புடவைகளுக்கு அடியில் இருந்தது.

"என் லெட்டரை எடுத்துப் படிச்சேளா?"

"என் ஆத்துக்கு வந்த லெட்டராக்கும் அது" என்றார், குரலை உயர்த்தாமல். அவர் எப்போதும் குரலை உயர்த்த மாட்டார். அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

அன்றைக்கு நான் கத்தினேன். வேண்டாம் என்று நேராகச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா என்று கத்தினேன். வேண்டாம் என்றால் நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை கேட்டும் இருப்பேன். பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் நான் திண்டாடுவதைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறீர்களே, நீங்கள் ஒரு மனுஷரா என்று கேட்டேன். அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "அப்பாவைப் பார்த்துப் பேசற பேச்சா இது? மதி, மதி" என்றாள். போதும் என்பதற்கு எங்கள் வீட்டில் அதுதான் சொல்.

கருவியைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மணி மூன்று நாற்பத்தைந்து. பக்கத்து வீட்டில் போன் இருந்தது, எஸ்.டி.டி. எடுக்கவே இல்லையாம். அதற்கடுத்த வீடு பூட்டியிருந்தது. தெருக்கோடி வீட்டு மாமா வங்கியில் இருந்தவர், அவர் போனில் எல்லாம் உண்டு. கூடத்துக்கு வரச் சொன்னார், உட்காரச் சொன்னார். சொன்னதையெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"உங்கப்பா எதுக்காக்கும் தரலை?"

"அது தெரியாது மாமா. பத்து நிமிஷம் போதும்."

"அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுண்டு வா. சரின்னா நாள் முழுக்க எடுத்துக்கோ. பத்து நிமிஷம் என்ன பெரிசு?"

பத்து நிமிஷம்தான் பெரிசு என்று சொன்னேன். அவர் சிரித்தார். மாமி உள்ளிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தத் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்கள் சுவர்க் கடிகாரம் நாலு அடிப்பதைக் கேட்டேன்.

திரும்பி வந்தபோது அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். போனின் மேல் ஒரு துண்டுக் காகிதம், அதில் அவருடைய அழகான ஆபீஸ் கையெழுத்தில் நாலு எண். சொன்ன சொல் தவறாதவர். அந்த நாலு எண்ணில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். யாருடைய பிறந்த நாளும் இல்லை, வீட்டு எண்ணும் இல்லை. சும்மா நாலு எண்.

பூட்டைத் திறந்தேன். எல்லா செட்டிங்கையும் பழையபடி ஆக்கி, எக்ஸ் மூன்று மட்டும் வைத்து, ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்து அனுப்பினேன். மறுமுனை மெஷின் கீச்சென்று பதில் சொன்னது, என் மோடம் அதற்குக் கீச்சிட்டது, கூடமே அலறியது. முதல் தடவையிலேயே போய்விட்டது. மணி நாலு பதினெட்டு. அம்மா எனக்கும் காப்பி கொண்டுவந்து வைத்து, "சாரமில்லை, போட்டும்" என்றாள். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த சொல் அது. யாருக்குச் சாரமில்லை என்று கேட்டேன்.

ராத்திரி செய்தி நேரத்தில் அப்பா ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "இதுல பேட்டரி எங்கே?" என்றார். அன்று அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் புனாவிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் ஃபேக்ஸ் கிடைத்தது, குறித்த நேரத்துக்குப் பின் கிடைத்ததால் அடுத்தவரை அழைத்துவிட்டோம், வருந்துகிறோம் என்று நாலு வரி. எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. நாலு மணி என்றால் நாலு மணி. அதுதான் முறை. பிறகு எனக்கும் வேறு வேலைகள் வந்தன, எல்லாம் இந்த ஊருக்குள்ளேயே. கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போகவில்லையே என்று யாராவது சமாதானம் சொன்னால் மட்டும் எனக்கு இன்னும் கை பரபரக்கும்.

அம்மா போய்விட்டாள். அண்ணா பம்பாயிலிருந்து அமெரிக்கா போய்விட்டான். கரமனை வீட்டில் அப்பாவும் நானும். அவருக்கு எண்பத்தாறு வயது. அண்ணா அனுப்பிய பெரிய மொபைல் ஒன்று வைத்திருக்கிறார். சாயங்காலமானால் பேரனின் வீடியோவைப் பார்க்க வேண்டும் அவருக்கு. அதைத் திறக்க நாலு இலக்க எண். அது வந்த அன்று என்ன எண் வைக்கலாம் என்று கேட்டேன், யோசிக்காமல் அதே நாலு எண்ணைச் சொன்னார். வைத்துக் கொடுத்தேன். இப்போது அது அவருக்கு நினைவில் நிற்பதில்லை. காகிதத்தில் எழுதி வைத்தால் காகிதத்தைத் தொலைத்துவிடுகிறார். காதும் மந்தம், அதனால் உரக்கக் கூப்பிடுவார்.

"நம்பர் என்னம்மா?"

அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் சமையலறையில் இருப்பேன். வேலை முடிந்திருக்கும். அடுப்பு அணைந்திருக்கும். கையில் ஒன்றும் இருக்காது.

"கை வேலையா இருக்கேன்பா. இருங்கோ, வரேன்" என்பேன்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கூடத்தில் அவர் தவறான எண்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பதும், போன் மறுப்பதும் கேட்கும். பதினைந்து நிமிஷம் ஆனபிறகு போய்ச் சொல்வேன்.